பக்தியார் கையில் மட்டும்

கோத்தோ ரானா,
11 மே 1947

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஊர் அடங்கிய பிறகு எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். ரைஹானாவுக்குப் பல் முளைக்கிறது. அவள் அழுது ஓய்ந்து தூங்கினால்தான் எனக்கு இரண்டு கையும் கிடைக்கிறது. மண்ணெண்ணெய் கிடையாது, தேங்காயெண்ணெய் விளக்கு. ஆசிரியர் கல்லூரியில் என் கையெழுத்தைக் காட்டி மற்றப் பெண்களைத் திட்டுவார்கள். இன்று அது உங்களுக்குக் கோணலாகத் தெரிந்தால் விளக்கின் குற்றம் பாதி, என் தூக்கக் கலக்கம் பாதி.

இன்று பொழுது சாயுமுன் உங்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். வந்ததும் வராததுமாகச் சிரிப்பு. "ஒன் அண்ணன் சிங்கப்பூர்ல இருந்து எனக்குப் பதவி அனுப்பியிருக்காரு. இனிமே கேப்டன் வந்தா எழுந்து நிக்கணும், தெரியுமா?" என்றார். வேடிக்கை என்றுதான் நினைத்தேன். அப்புறம் சொன்னார். டச்சுக்காரரோடு சண்டையிடும் நம் படைக்குத் துப்பாக்கிகள் வரப்போகின்றன, ஆனால் இரண்டாவது கம்பெனிக்கு மாப்பிள்ளை பக்தியார் கேப்டன் ஆனால்தான் வரும் என்று மேஜருக்கு நீங்கள் சொல்லி அனுப்பினீர்களாம்.

பழைய கேப்டன் போன மாதம் மலேரியாவில் போய்விட்டார். அதிலிருந்து சார்ஜன்ட் ஹம்ஸார்தான் கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறார். அவரும் நம் ஊர்க்காரர்தானே. பஜாரில் பஸ் ஓட்டியபோது எல்லோரிடமும் சண்டை போடுவாரே, அதே ஹம்ஸார். இப்போதும் சண்டைதான் போடுகிறார், ஆனால் ஆட்கள் அவர் பின்னால் போகிறார்கள். அவரே இருந்துவிட்டுப் போகட்டும்.

இங்கே எப்படி என்று உங்களுக்குத் தெரியும். துப்பாக்கி கொண்டுவந்தவன் லெப்டினன்ட், லாரி கொண்டுவந்தவன் கேப்டன் என்று பையன்களே கேலி பேசுகிறார்கள். துப்பாக்கி உங்களுடையது. அதனால் உங்கள் சொல்லைத் தட்ட மேஜருக்கு வாய் வராது. உங்கள் மாப்பிள்ளைக்கோ மனைவியின் அண்ணன் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லும் உரிமையே நம் வழக்கத்தில் இல்லை. ஆகவே வேண்டாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஏன் என்று கேட்காதீர்கள். தங்கை கேட்டாள் என்பது போதாதா?

யுலினார்

*

சிங்கப்பூர்,
2 ஜூன் 1947

என் தங்கச்சி யுல்லுக்கு,

உன் கடிதம் காப்பி மூட்டைக்குள்ளிருந்து வந்தது. இரண்டு நாளாக என் சட்டைப்பை கடைவீதி மாதிரி மணக்கிறது. மருமகளுக்குப் பல் வருகிறதா? தாய்மாமன் நான் இருக்கிறேன், அவள் கடிக்க வேண்டியதெல்லாம் வாங்கி அனுப்புகிறேன். அழவேண்டாம் என்று சொல்.

போதாது. காரணம் வேண்டும்.

இங்கே நான் என்ன செய்கிறேன் என்று நீ நினைக்கிறாய்? விசிறியின் கீழே உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதாகவா? நம் மலைக் காப்பியையும் ரப்பரையும் கொண்டுவந்து, ஜப்பான்காரன் விட்டுப்போன துப்பாக்கிகளாக மாற்றுகிறேன். முகம் காட்டாத ஆட்களிடம் பேரம். பெட்டியைத் திறந்தால் மேல் வரிசை மட்டும் துப்பாக்கி, அடியில் தண்டவாளத் துண்டு. அப்படி ஒருமுறை ஏமாந்தேன். கருவாட்டின் அடியில் ஒளித்து ஆற்றின் வழியே ஏற்றி விடுகிறேன். நடுக்கடலில் டச்சு ரோந்துப் படகு. ஒவ்வொரு தடவையும் படகு கிளம்பியதிலிருந்து சேதி வரும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை.

போன வருடம் நான் அனுப்பிய பெட்டிகள் கடற்கரைப் பக்கத்துக் கேப்டன் ஒருவனிடம் போயின. அவன் என்ன செய்தான் தெரியுமா? சாலையில் தடி போட்டு நம் ஆட்களிடமே சுங்கம் வசூலித்தான். கொடுக்காத ஒரு காய்கறிக்காரியைச் சுட்டான். அந்தத் தோட்டா நான் வாங்கியது, யுல். கையில் தேர்ந்தெடுத்து, எண்ணெய் பூசி, துணி சுற்றி அனுப்பியது.

அதனால்தான் இனி என் துப்பாக்கி யார் கைக்குப் போகிறது என்று தெரியாமல் அனுப்பமாட்டேன் என்று முடிவு செய்தேன். பக்தியார் பூகோள வாத்தியார், கோழி திருடத் தெரியாதவர். ஜப்பான்காரனிடம் பயிற்சியும் எடுத்திருக்கிறார். வேறு யாரை நம்பச் சொல்கிறாய்? ஹம்ஸாரையா? என்னிடமே டிக்கெட் காசு இரண்டு தடவை வாங்கியவன்!

புருஷன் போருக்குப் போகக்கூடாது என்றால் அதைச் சொல். எல்லாப் பெண்ணுக்கும் அந்தப் பயம் இருக்கிறது. அதற்காக நான் ஆளை மாற்ற முடியாது.

ஜமாரிஸ்

*

கோத்தோ ரானா,
17 ஜூன் 1947

அண்ணா,

சொல்லிவிடுகிறேன். படித்ததும் இந்தத் தாளை எரித்துவிடுங்கள்.

அவருக்கு மாலைக்கண்.

ஜப்பான் காலத்தில் மரவள்ளிக் கிழங்கும் உப்பும் தின்றே இரண்டு வருடம் கழிந்ததே, அப்போது வந்ததாக இருக்கும். பகலில் கழுகு. மலையில் போகிற மாட்டின் கொம்பைக் கூடச் சொல்வார். சூரியன் இறங்கினால் ஒன்றும் தெரியாது. பொழுதோடு வந்துவிடுவது என் மேல் உள்ள ஆசையால் என்று கல்யாணமான புதிதில் பெருமைப்பட்டேன். மற்ற மாப்பிள்ளைகள் இஷா தொழுகை முடித்து, ஊர் வம்பெல்லாம் பேசி, மெதுவாகத்தான் மனைவி வீட்டுப் படி ஏறுவார்கள். இவர் மட்டும் கோழி அடையும்போதே வந்துவிடுவார். பெரியம்மா கூட, "ஒன் புருஷனும் நம்ம சேவலும் ஒரே நேரத்துக்கு வீடு திரும்புதுங்க" என்று சிரிப்பாள். ஒருநாள் தாமதமாகி, வாசலில் ரைஹானாவின் தொட்டில் மேல் மோதி நின்றார். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நான் விளங்கிக்கொண்டேன் என்பது அவருக்கும் விளங்கியது. இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

எங்கள் பக்கத்துச் சண்டையெல்லாம் இருட்டில்தான், அண்ணா. பகலில் டச்சு விமானம் இருக்கிறது. பாலத்துக்குப் போவதும், காவல் சாவடியைத் தாக்குவதும், திரும்பி வருவதும் எல்லாம் இரவில். கேப்டன் முன்னால் நடக்க வேண்டும். அவர் தடுமாறினால் பின்னால் வருகிற நாற்பது பையன்களும் தடுமாறுவார்கள். அதில் பாதிப்பேர் அவரிடம் பூகோளம் படித்தவர்கள்.

நான் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இது அவருடைய வீடா? என் வீடு, நம் அம்மா வழி வீடு. இங்கே அவர் விருந்தாளி. வெட்டின மரத்தின் மேல் சாம்பல் மாதிரிதான் வீட்டு மாப்பிள்ளை, ஊதினால் போய்விடுவான் என்று நாமே பழமொழி வைத்திருக்கிறோம். மனைவி புருஷன் குறையைத் தன் அண்ணனிடம் சொன்னாள் என்று தெரிந்தால், துணியை மூட்டை கட்டிக்கொண்டு தன் தாய் வீட்டுக்குப் போய்விடுவார். திரும்ப வரமாட்டார். ஊரில் யாரும் அவரைக் குறை சொல்லவும் மாட்டார்கள்.

பிள்ளைக்குத் தாய்மாமன் இருக்கிறாரே, அப்பா போனால் என்ன என்று பேசுகிற ஊர் இது. மாமன் சிங்கப்பூரில் இருக்கிறார். அவள் தூங்குவது அப்பா மார்பின் மேல்.

நான் சொன்னதாகத் தெரியாமல், எப்படியாவது நிறுத்துங்கள்.

யுலினார்

*

சிங்கப்பூர்,
1 ஜூலை 1947

தங்கச்சிக்கு,

எரித்துவிட்டேன். எரிப்பதற்கு முன் மூன்று தடவை படித்தேன். இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் எனக்கு ஒரு மாதத் தூக்கம் மிச்சம். போகட்டும்.

வேலையை முடித்துவிட்டேன். மேஜருக்கு நேற்றே எழுதிப் போட்டாகிவிட்டது. மாலைக்கண் என்று எழுதமுடியுமா? ஒரு மச்சான் மாப்பிள்ளையின் உடம்புக் குறையை அந்நியனிடம் நேராகச் சொன்னால் எந்த முகத்தோடு நான் ஊருக்குள் வருவது? நம் பெரியவர்கள் பேசுகிற மாதிரி, சாய்வாகத்தான் எழுதினேன். "எங்கள் வீட்டு மாப்பிள்ளை சின்ன மனிதர். கேப்டன் பதவி அவர் தோளுக்குப் பெரிய சட்டை. கிடங்குக்கோ, பகலில் செய்கிற வேறு வேலைக்கோ அவரை வைத்துக்கொண்டால் எங்கள் குடும்பத்துக்குப் பெருமை. முன்னால் நான் சொன்னது ஒரு மச்சானின் ஆசை, அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்." எப்படி? மேஜரும் நம் ஆள்தான், குறிப்பறிவார்.

ஒன்று மட்டும் மாற்றமுடியவில்லை. பெட்டிகள் போன வாரமே கிளம்பிவிட்டன. அவற்றோடு போயிருக்கும் நம் ஆள் தாலிப் ஆற்றுத்துறையில் இறக்கி வைத்துக் காத்திருப்பான். "பக்தியார் கையில் மட்டும்" என்று ஒவ்வொரு பெட்டியிலும் தார் பூசி எழுதியிருக்கிறேன், தாலிப்பிடம் சத்தியமும் வாங்கியிருக்கிறேன். அதனால் என்ன, கிடங்குக்காரராக அவர்தானே வாங்கப்போகிறார்? பொருத்தமாகவே இருக்கிறது.

நிம்மதியாகத் தூங்கு. மருமகளுக்கு ரப்பர் வாத்து ஒன்று தாலிப்பிடம் கொடுத்திருக்கிறேன். தோட்டாவோடு கலக்காமல் பார்த்துக்கொள்.

ஜமாரிஸ்

*

கோத்தோ ரானா,
13 ஜூலை 1947

அண்ணா,

கேப்டனின் மனைவி எழுதுகிறேன்.

கேப்டன் யார் என்று முடிவு செய்ய வியாழக்கிழமை தொழுகைக்கூடத்தில் கம்பெனி முழுவதும் வட்டமாக உட்கார்ந்தது. நாங்கள் பெண்கள் பின்கட்டில் ரெந்தாங் கறி கிண்டிக்கொண்டிருந்தோம். தட்டிக்கு அந்தப் பக்கம் பேசுவது எல்லாம் கேட்கும். கை தூக்குவது, சீட்டுப் போடுவது எதுவும் கிடையாது. யாரும் வேண்டாம் என்று சொல்லாத வரை பேச்சு ஓடும். சொல்ல ஆள் இல்லாதபோது முடிவு.

முதலில் ஹம்ஸார் பெயர்தான் வந்தது. எனக்குக் கையிலிருந்த கரண்டிகூட இனித்தது. ஹம்ஸார் மனைவி மார்னிஸ் என் பக்கத்தில்தான் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தாள். "வேணாம்னு சொல்லுங்கடா பாவிகளா," என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். அவளுக்கும் என்னைப் போலத்தான். அப்புறம் மேஜர் உங்கள் கடிதத்தை எடுத்தார். வாய்விட்டுப் படித்தார்.

படித்து முடித்ததும் யாரோ தொடையில் தட்டினார்கள். "அடேங்கப்பா! சின்ன மனுசராம்! பெரிய சட்டையாம்!" என்று ஒருவர். மேஜர் சிரிக்கிறார்: "மச்சான்காரன் மாப்பிள்ளைய இவ்வளவு எறக்கிப் பேசுறான்னா, மனசுல எவ்வளவு ஒசத்தி வச்சிருக்கான்னு பாத்துக்கங்க. பதவிக்கு அலையாத குடும்பம்யா இது. இந்த மாதிரி ஆளுதான் நமக்கு வேணும்."

ஹம்ஸாரே எழுந்து நின்று, "வாத்தியாருக்குக் கீழ வேல செய்ய எனக்குச் சம்மதம். ஆனா வாத்தியாரே, பரிட்சை மட்டும் வைக்காதீங்க" என்றார். அதற்கும் ஒரே சிரிப்பு.

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் மாப்பிள்ளை சொல்வார் என்று காத்திருந்தேன். அவருடைய குரல் மட்டும் வரவில்லை. எப்படி வரும்? வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டுமே.

உங்கள் நாகரிகம் என் வீட்டைச் சுற்றி வளைத்துவிட்டது. இங்கே எந்த மச்சான்தான் மாப்பிள்ளையை வெளியில் புகழ்ந்திருக்கிறான்? தாழ்த்தினால் உயர்வு என்று எடுத்துக்கொள்வார்கள் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? எனக்கும் தோன்றவில்லை. அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான்.

அன்றிரவு அவரிடம், "உங்களுக்கு முடியுமா?" என்று மட்டும் கேட்டேன். "வழியெல்லாம் பகல்ல நடந்து மனப்பாடம் பண்ணிட்டு வர்றேன். பூகோளம்தானே," என்றார். சிரிக்க முயன்றார். அவர் கை மட்டும் ரைஹானாவின் காலை விடவே இல்லை.

நோன்பு மாதம் வரப்போகிறது. டச்சுக்காரர்கள் பாதாங்கில் லாரிகளைக் கூட்டுகிறார்கள் என்று சந்தையில் பேச்சு. நானே மேஜரிடம் போகலாமா என்று யோசிக்கிறேன். நேராகச் சொல்ல ஒருத்தி வேண்டும்.

யுலினார்

*

சிங்கப்பூர்,
23 ஜூலை 1947

யுல்,

நீ போகாதே.

வானொலியில் கேட்டேன். டச்சுக்காரர்கள் பாதாங்கிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். எந்த ஊர்வரை என்று ஒவ்வொரு நிலையமும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறது. நீயும் மருமகளும் மலைக்கு ஏறிவிட்டீர்களா? இந்தக் கடிதம் உன் கையில் சேருமா என்றே தெரியவில்லை. நேற்று எங்கள் படகு ஒன்று பிடிபட்டது. அதில் இருந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றிவிட்டவன் நான்.

என் மேல் கோபப்படு, நியாயம். ஆனால் ஒரு பெண் படைமுகாமுக்குப் போய்ப் புருஷனின் குறையைச் சொன்னால், நீ காப்பாற்றுவது அவர் உயிரை. அவரை அல்ல. பொறு. நான் இந்த முறை நேராகவே மேஜருக்கு எழுதுகிறேன். கெட்ட பெயர் எனக்கு வரட்டும், தாங்கிக்கொள்கிறேன். ஒரே ஒரு படகு கிடைக்கட்டும்.

சண்டைக்கு முன் பெட்டிகள் துறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் நல்லது. தாலிப் நம்பகமானவன்.

ஜமாரிஸ்

*

கோத்தோ ரானா,
10 ஆகஸ்ட் 1947

அண்ணா,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நான் அதற்கு முன்பே போய்விட்டு வந்தேன்.

டச்சுக்காரர்கள் வெளியே வந்த மூன்றாம் நாள் ரைஹானாவை முதுகில் கட்டிக்கொண்டு முகாமுக்கு நடந்தேன். மேஜர் பாதாங் வரைபடத்தின் மேல் குனிந்திருந்தார். சொன்னேன். அவர் நிமிரவே இல்லை.

"வேற யாருக்காவது தெரியுமாம்மா?"

"என் அண்ணனுக்கு."

"ஒங்க அண்ணன்தானே கடிதம் போட்டாரு!"

"அதைத்தான் எழுதியிருந்தார்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்கும்.

என்னைப் போகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நோன்பு திறக்கும் நேரம். எல்லோரும் வெளியே வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மேஜர் தண்ணீர் நிறைந்த குவளை ஒன்றை நடுவில் தரையில் வைத்தார். "கேப்டன், அதக் கொஞ்சம் எடுத்து எங்கிட்ட குடுங்க," என்றார். உங்கள் மாப்பிள்ளை எழுந்தார். நேராக நடந்தார், நிமிர்ந்து, அணிவகுப்பில் நடப்பதுபோல. குவளையைத் தாண்டிப் போய்விட்டார். திரும்பிக் காலால் தேடினார். தண்ணீர் கவிழ்ந்தது. யாரும் சிரிக்கவில்லை, அண்ணா. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்போது ரைஹானா "அப்பா" என்றாள். நான் அங்கே இருப்பது அதற்குப் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, மெதுவாகச் சொன்னார்: "இருட்டினப்ப எல்லாம் ஒன் கையைப் பிடிச்சுத்தானே நடந்தேன், யுல்." அவ்வளவுதான். மறுநாள் விடிந்ததும் தன் அம்மா ஊருக்குப் போய்விட்டார். ஹம்ஸார் கேப்டன் ஆனார்.

இனி எழுதப் போவது உங்களுக்கானது.

பெட்டிகள் துறைக்கு வந்தன. ஹம்ஸார் ஆள் அனுப்பினார். தாலிப் கொடுக்கவில்லை. "பக்தியார் கையில் மட்டும்னு எழுதியிருக்கு. ஜமாரிஸுக்கு நான் சத்தியம் பண்ணியிருக்கேன். போன தடவ யார் யார் கைக்கோ போய் என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியும்," என்று பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். ஹம்ஸாரே போனார். எப்படியெல்லாம் கத்தியிருப்பார் என்று நீங்கள் ஊகிக்கலாம். அவனைத் தள்ளிவிட்டு எடுத்திருக்கலாம். ஆனால் எடுக்கவில்லை. "வாத்தியார் சாமானத் திருடினேன்னு பேர் வேணாம். அவருக்குச் சொல்லி அனுப்புங்க," என்று திரும்பிவிட்டாராம். டிக்கெட் காசு இரண்டு தடவை வாங்கிய மனிதர்.

உங்கள் மாப்பிள்ளை சேதி கேட்டு ஓடிவந்து, கையெழுத்துப் போட்டு, பெட்டிகளை மாட்டுவண்டியில் ஏற்றி முகாமுக்குக் கொண்டுபோனபோது காலை. முந்தின இரவே கம்பெனி பாலத்துச் சண்டைக்குப் போய்விட்டது. இருந்த பழைய துப்பாக்கிகளோடும் மூங்கில் ஈட்டிகளோடும்தான். ஹம்ஸார் திரும்பவில்லை. பையன்களில் பலர் திரும்பவில்லை. எத்தனை பேர் என்று என்னைக் கேட்காதீர்கள், என்னால் எழுத முடியாது.

மார்னிஸ் வீட்டுக்குப் போனேன். போகாமல் எப்படி இருப்பது? அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் அழுதேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "ஒம் புருஷன் உசுரோட இருக்கானே, நீ எதுக்குடி அழற?" என்றாள். திட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

நாம் இருவரும் ஒரு ஆளைக் காப்பாற்ற நினைத்தோம், அண்ணா. நீங்கள் துப்பாக்கிக்குப் பூட்டுப் போட்டீர்கள். நான் சாவியை ஊரை விட்டு அனுப்பிவிட்டேன். இதில் யார் பங்கு அதிகம் என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. நீங்களும் பார்க்காதீர்கள்.

அவர் காப்பாற்றப்படவும் இல்லை. பெட்டியைத் திறந்ததும் முதல் துப்பாக்கியைத் தனக்கு எடுத்துக்கொண்டாராம். மேஜர் கிடங்கைப் பார்க்கச் சொன்னார். "கிடங்கு வேணாம். சிப்பாயா இருக்கேன்," என்றார். இப்போது அதே கம்பெனியில் கடைசி வரிசைச் சிப்பாய். இரவில் முன்னால் போகிறவன் இடுப்பில் கயிறு கட்டி, அதன் மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு நடக்கிறாராம். முன்னால் போகிறவன் விழுந்தால் அந்தக் கயிற்றை யார் அவிழ்ப்பார்கள்? ஒவ்வொரு இரவும் மலைக்கு அந்தப் பக்கம் வெடிச்சத்தம் கேட்கிறது. நான் ரைஹானாவின் காதைப் பொத்திக்கொள்கிறேன். என் காதைப் பொத்த ஆள் இல்லை.

முகாமுக்கு மூன்று முறை சோறு கொண்டுபோனேன். மூன்று முறையும் அவர் வெளியே வரவில்லை. நான் கூப்பிட்டு அவர் வரமாட்டார், வரவும் கூடாது. கோபித்துப் போன மாப்பிள்ளையைத் திரும்ப அழைத்து வரும் உரிமை மனைவியின் அண்ணனுக்கு மட்டும்தான். அதுவும் நேரில், வெற்றிலையோடு போக வேண்டும். உங்களுக்கு முன்னால் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. இந்த ஒரு வழக்கமாவது எனக்கு உதவட்டும்.

கடலில் ரோந்துப் படகு இருப்பது தெரியும். உங்களை வாருங்கள் என்று கூப்பிடுவது என்ன என்பதும் தெரியும். இருக்கிற ஒரே அண்ணனைக் கூப்பிடுகிறேன். பெருநாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அதற்குள் முடிந்தால் நல்லது. வர முடியாவிட்டால் முடியாது என்றாவது எழுதுங்கள், நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் இருப்பேன்.

சீக்கிரம் பதில் போடுங்கள், அண்ணா.

யுலினார்